ஆட்டிசம் உடைய பிள்ளைகளும் அரசின் கடமையும்

(நமது பள்ளிவாசல் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் அவர்கள் ஆண்டறிக்கையை வாசித்தார்கள். பொருளாளர் அவர்கள் வரவு செலவுகளை எடுத்துரைத்தார்கள். அந்த ஏடுகளில் இடம்பெறாத ஒரு கணக்கைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச அனுமதி பெற்றிருக்கிறேன். பெருநாள் தொழுகைக்கும் நிகாஹ் வைபவங்களுக்கும் குடும்பத்தோடு வருவோரை நாம் காண்கிறோம். ஆனால் பிள்ளை ஒருவனை வீட்டில் வைத்துவிட்டு, அவனுடன் தாயையும் விட்டுவிட்டு, மற்றவர்கள் மட்டும் வந்து செல்லும் குடும்பங்கள் உண்டு. அத்தகைய பிள்ளைகளுள் ஆட்டிசம் உடையோர் பலர். அவர்களுக்கும் அவர்களைப் பெற்றோருக்கும் அரசு செய்ய வேண்டியது என்ன, அதைக் கேட்டுப் பெறுவதில் நமக்குள்ள பங்கு என்ன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நோயன்று, எவருடைய குற்றமுமன்று

முதலில் ஆட்டிசம் என்றால் என்னவென்று தெளிவடைவோம். மூளையின் வளர்ச்சியில் பிறவியிலேயே அமையும் ஒரு வேறுபாடு அது. பெரும்பாலும் மூன்று வயதிற்குள் அதன் அடையாளங்கள் வெளிப்பட்டுவிடும். பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பிப் பார்க்காது. வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டாது. பேச்சு தாமதப்படும், சில குழந்தைகளுக்கு வந்த பேச்சும் நின்றுவிடும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும். அன்றாட வழக்கம் சிறிது மாறினாலும் தாங்கிக்கொள்ளாது. நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் மிக்சியின் இரைச்சலும் ஒலிபெருக்கியின் ஓசையும் கூட்ட நெரிசலும் அக்குழந்தைக்கு உடல் வலியைப் போன்ற துன்பத்தைத் தரக்கூடும்.

எல்லோருக்கும் ஒரே அளவில் இது அமைவதில்லை. பட்டம் பெற்று வேலைக்குச் செல்வோரும் இவர்களுள் உண்டு; வாழ்நாள் முழுவதும் ஒரு சொல்லும் பேசாதோரும் உண்டு. நமது அரசின் தமிழ்ப் படிவங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று இவர்களைக் குறிப்பதைக் காணலாம். அந்தச் சொல்லே பொருந்தாது. புற உலகை அவர்கள் உணர்கிறார்கள். நம்மைவிடக் கூர்மையாகவே பல நேரங்களில் உணர்கிறார்கள். அதை வெளிப்படுத்தும் வழிதான் வேறு.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை விவரித்து எழுதினார். அதன்பின் பல்லாண்டுக் காலம், தாய் அன்பு காட்டாததால்தான் பிள்ளைக்கு இந்நிலை வந்தது என்று மருத்துவ உலகிலேயே சிலர் பேசி வந்தனர். ஆராய்ச்சிகள் அக்கூற்றைப் பொய்யென நிறுவிவிட்டன. 1998இல் பிரிட்டனில் ஒரு மருத்துவர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை, தட்டம்மைத் தடுப்பூசியோடு ஆட்டிசத்தைத் தொடர்புபடுத்தியது. அக்கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இருந்தும் அந்த வதந்தி இன்றும் கைப்பேசிகளில் உலவுகிறது. தடுப்பூசி இதற்குக் காரணமன்று.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். குழந்தை பேசவில்லை என்றால் நம் மக்களில் பலர் முதலில் தட்டுவது இமாமின் கதவைத்தான். ஓதிப் பார்க்க வேண்டும், ஜின்னின் தீண்டலா என்று பார்க்க வேண்டும் என்கிறார்கள். துஆ செய்வது எங்கள் கடமை. அதை மறுக்க மாட்டோம். ஆனால் அக்குழந்தையைக் குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது பெற்றோரின் கடமை. இரண்டு வயதில் தொடங்க வேண்டிய பயிற்சியை ஆறு வயதில் தொடங்கினால், இடைப்பட்ட நான்கு ஆண்டுகளைப் பிள்ளைக்கு யார் திருப்பித் தருவது?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் உலக மக்களில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவர் ஆட்டிசம் உடையவர். அதே விகிதத்தைப் பொருத்திப் பார்த்தால் 2,500 பேர் வாழும் ஒரு மஹல்லாவில் சுமார் 20 பேர் இருக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேரை நாம் அறிவோம்?

தர்மம் ஏன் போதாது?

"ஜமாஅத்தில் பைத்துல்மால் இருக்கிறதே, அதிலிருந்து உதவினால் போதாதா?" என்று ஒரு சகோதரர் கேட்டார். நல்ல எண்ணத்தில் எழுந்த கேள்வி. ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். கால் இழந்தவருக்கு மூன்று சக்கர வண்டியும் பார்வை மங்கியவருக்குக் கண் சிகிச்சையும் நாம் திரட்டும் தொகையில் செய்து கொடுக்க முடியும். ஆட்டிசம் உடைய குழந்தைக்கோ பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களைக் கற்பிக்கும் செயல்முறைப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகிய அனைத்தும் வாரத்திற்குப் பல முறை, ஆண்டுக்கணக்கில் வேண்டும். தனியார் மையங்களில் ஒரு வேளைப் பயிற்சிக்கே பல நூறு ரூபாய் கேட்கிறார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியரையும் மருத்துவ உளவியலாளரையும் உருவாக்குவது எந்த ஜமாஅத்தாலும் இயலாது. அது அரசால் மட்டுமே இயலும்.

இதில் தாய் சுமக்கும் பாரம் தனி. நம் ஊர்களில் தந்தை வெளிநாட்டில் உழைத்துக்கொண்டிருப்பார். பிள்ளையை இடுப்பில் சுமந்து, இரண்டு பேருந்து மாறி, மாவட்டத் தலைநகருக்குச் செல்பவள் தாய். வேலைக்குச் சென்றுகொண்டிருந்தவளாயின் அந்த வேலையை விட்டிருப்பாள். இரவில் உறங்காத பிள்ளையோடு அவளும் உறங்குவதில்லை. அவளுக்கு ஒரு நாள் ஓய்வு தர எந்த ஏற்பாடும் இல்லை.

குடும்பம் தனித்து விடப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். மனநோய் வேறு, ஆட்டிசம் வேறு. இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனால் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் இரக்கமற்றவர்கள் அல்லர். வேறு போக்கிடம் அறியாத உறவினர்கள். சிகிச்சையும் ஆதரவும் ஊருக்கு அருகில் கிடைத்திருந்தால் அந்தச் சங்கிலிக்குத் தேவை ஏற்பட்டிருக்காது. இந்தப் பாடத்தை மறக்கலாகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசிடம் நாம் புதிதாக எதையும் யாசிக்கவில்லை. எழுதப்பட்ட சட்டம் இருக்கிறது.

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. அதில் ஆட்டிசம் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தபோதுதான் ஆட்டிசம் என்ற பெயர் இந்தியச் சட்டம் ஒன்றின் தலைப்பில் ஏறியது. அந்த அறக்கட்டளையின் 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீடு ஓராண்டிற்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பயன் தருவதாக அமைக்கப்பட்டது. 2007இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்று உறுதி செய்தது. அதன் விளைவாக 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்ததே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அது 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. அவற்றுள் ஆட்டிசமும் ஒன்று.

இச்சட்டப்படி, 40 விழுக்காட்டிற்குக் குறையாத பாதிப்பு உடைய பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையாகும். அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அரசுப் பணிகளில் உள்ள 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் ஒரு விழுக்காடு, ஆட்டிசம் உள்ளிட்ட சில பிரிவினருக்குச் சேர்த்து வழங்கப்பட்டுள்ளது. சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மற்றவர்களுக்குத் தரும் தொகையைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்றும், மிகுந்த உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கத் திட்டம் வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

ஆனால் அதே பிரிவில், 'அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு' என்னும் கருத்தில் ஒரு தொடரும் சேர்க்கப்பட்டிருக்கிறது. கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் ஒரு கயிற்றையும் கட்டி வைத்தாற்போன்றது அது.

எங்கே தடைபடுகிறது?

முதல் தடை, கண்டறிதல். 2013இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறையும் பரிசோதிக்க வேண்டும். அவர்கள் கண்டறிய வேண்டியவற்றின் பட்டியலில் ஆட்டிசமும் உண்டு. சந்தேகம் எழுந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்ப வேண்டும். திட்டம் நல்ல திட்டம். ஆனால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே நாளில் பார்த்துச் செல்லும் குழுவின் கண்ணுக்கு, எடையும் பல்லும் தெரியும் அளவிற்கு, கண்ணோடு கண் நோக்காத குழந்தை தெரிவதில்லை.

இரண்டாவது தடை, சான்றிதழ். எல்லா உதவிக்கும் திறவுகோல் அதுதான். ஆட்டிசத்தை அளவிட 40 வினாக்கள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்று 2009இல் வெளியிடப்பட்டது. அதைப் பயன்படுத்திக் குழந்தையை மதிப்பிட நேரமும் பயிற்சியும் வேண்டும். உடல் ஊனத்தைக் கண்ணால் பார்த்து அளந்துவிடலாம். இதை அப்படி அளக்க முடியாது. எனவே மருத்துவ உளவியலாளர் வரும் நாளுக்காகக் காத்திருந்து, பிள்ளையோடு மீண்டும் மீண்டும் அலைகிறார்கள். கூட்டமும் இரைச்சலும் தாங்காத பிள்ளையை, நெரிசல் மிகுந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மணிக்கணக்கில் நிறுத்தி வைப்பது எத்துணைக் கொடுமை! சிறு பிள்ளைகளுக்குத் தற்காலிகச் சான்றிதழ் தரப்படும்போது, சில ஆண்டுகளில் இதே அலைச்சல் மீண்டும் தொடங்குகிறது.

மூன்றாவது தடை, தூரம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் சிறப்பாக இயங்கி வருகிறது. ஆனால் தென்கோடியில் இருக்கும் ஒரு தாய் வாரம் மும்முறை முட்டுக்காட்டிற்குச் செல்ல முடியுமா? உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு அரசு தொடங்கிய 'உரிமைகள்' திட்டத்தின் கீழ், 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டன. சேவையை மக்களின் அருகே கொண்டுவரும் அந்த நோக்கம் பாராட்டுக்குரியது. கடன் திட்டத்தின் காலம் முடிந்த பின்னும் அம்மையங்கள் ஆள் பற்றாக்குறையின்றி இயங்க வேண்டும் என்பதே நமது கவலை.

நான்காவது தடை, பள்ளிக்கூடம். சேர்க்கைக்கு மறுப்பதில்லை என்று சொல்வார்கள். சில நாட்களில், "மற்றப் பிள்ளைகளுக்கு இடையூறாக இருக்கிறது" என்று திருப்பி அனுப்புவார்கள். அந்த ஆசிரியரை மட்டும் குறை கூறிப் பயனில்லை; 40 பிள்ளைகளுக்கு நடுவில் பயிற்சியற்ற ஒருவர் என்ன செய்வார்? 2021இல் உச்ச நீதிமன்றம் சிறப்பாசிரியர்களுக்கு நிரந்தரப் பணியிடங்களை உருவாக்க ஆணையிட்டது. தொடக்க நிலையில் சிறப்புத் தேவையுடைய 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது அளவு. பல பள்ளிகளைச் சுற்றிவரும் ஒரே ஆசிரியரைக் கொண்டு இந்த அளவை எட்ட முடியாது.

ஐந்தாவது, உதவித்தொகை. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்குத் தமிழ்நாட்டில் வழங்கப்படும் பராமரிப்பு உதவித்தொகை 2023ஆம் ஆண்டில் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் அது குறைவன்று. ஆயினும் ஒரு நாளைக்குப் பங்கிட்டால் 67 ரூபாய்கூட ஆகவில்லை. வேலையை விட்டுப் பிள்ளையைக் காக்கும் தாயின் உழைப்பிற்கு அதில் என்ன இடம் இருக்கிறது?

ஆறாவது தடைதான் பெற்றோரின் உறக்கத்தைக் கெடுப்பது: "எங்களுக்குப் பிறகு யார்?" பிள்ளைக்கு 18 வயது நிறைந்தவுடன் சட்டத்தின் பார்வையில் அவன் வயது வந்தவன். வங்கிக் கணக்கு, சொத்து, மருத்துவ ஒப்புதல் எதிலும் தந்தை தானாகவே காப்பாளர் ஆகிவிட மாட்டார். தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படியான காப்பாளராக நியமனம் பெற வேண்டும். அவ்வாறு நியமனம் பெற்றவர், ஆறு மாதத்திற்குள் அப்பிள்ளையின் சொத்து விவரத்தைக் குழுவிடம் ஒப்படைக்கவும் வேண்டும். நமது மார்க்கச் சட்ட நூல்களைப் பயின்றவர்களுக்கு இது புதிதன்று. தன் பொருளைத் தானே நிர்வகிக்க இயலாதவருக்கு வலீ ஒருவர் வேண்டும் என்பதும், அப்பொருள் வலீயின் உடைமை ஆகாது என்பதும் நாம் பாடமாகக் கற்றவை. ஆட்டிசம் உடைய பிள்ளைக்கும் வாரிசுப் பங்கு உண்டு. "அவனுக்கு எதற்குச் சொத்து?" என்று உடன்பிறந்தோர் பங்கிட்டுக்கொள்வது அநீதி. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே இந்த ஆவணத்தைப் பெற்று வைப்பது பிள்ளைக்குச் செய்யும் பெரும் பாதுகாப்பு. ஆனால் அவன் எங்கே வாழ்வான் என்ற கேள்வி அதன் பிறகும் எஞ்சி நிற்கிறது. வாழ்நாள் இல்லங்களுக்கென அறக்கட்டளை 'கரௌந்தா' என்ற திட்டத்தை வகுத்தது. நாடு முழுவதற்குமான தேவையோடு ஒப்பிட்டால் அவ்விடங்கள் கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

அரசிடம் நாம் கேட்பவை

ஆகவே நமது கோரிக்கைகளைத் தெளிவாக வகுத்துக்கொள்வோம்.

1. ஒவ்வொரு வட்டத்திலும் உள்ள அரசு மருத்துவமனையில், மாதத்தில் குறித்த நாட்களில், முன்பதிவு செய்த நேரத்தில், ஆட்டிசம் மதிப்பீடும் சான்றிதழும் வழங்கப்பட வேண்டும்.

2. பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் வட்ட அளவில் இலவசமாக, நிரந்தரப் பணியாளர்களைக் கொண்டு நடத்தப்பட வேண்டும்.

3. உச்ச நீதிமன்றம் வகுத்த அளவின்படி சிறப்பாசிரியர்கள் நியமிக்கப்பட வேண்டும்.

4. பராமரிப்பு உதவித்தொகை விலைவாசியோடு சேர்ந்து உயர வேண்டும். பராமரிப்பாளர் படி, தகுதியுள்ள எல்லாக் குடும்பங்களையும் சென்றடைய வேண்டும்.

5. பெற்றோர் நோயுற்றாலோ ஓய்வு தேவைப்பட்டாலோ பிள்ளையைச் சில நாட்கள் நம்பி ஒப்படைக்கக் குறுகிய காலப் பராமரிப்பு இல்லமும், பெற்றோருக்குப் பின் வாழ்நாள் இல்லமும் மாவட்டந்தோறும் வேண்டும். ஏர்வாடியை நினைவிற் கொண்டு, அவை இடைவிடாத கண்காணிப்பின் கீழ் இருக்க வேண்டும்.

6. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்கள் தனியே எண்ணப்பட வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் பதிவாயினர். ஆனால் ஆட்டிசத்திற்கென அதில் தனிக் கட்டம் இல்லை. எண்ணப்படாதவருக்கு நிதி ஒதுக்கப்படுவதில்லை.

ஜமாஅத் செய்ய வேண்டியது

இவற்றை யார் கேட்பது? இதுவரை தாய் ஒருத்தி தனியாக நின்று கேட்டிருக்கிறாள். அலுவலக மேசைக்கு எதிரே அழுகின்ற பிள்ளையோடு நிற்பவளின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்? ஜமாஅத்தின் முத்திரையோடும் கையொப்பத்தோடும் பலர் சேர்ந்து சென்றால் அதே மனுவிற்கு வேறு மதிப்பு.

ஆகவே இப்பொதுக்குழு மூன்று பேர் கொண்ட ஒரு குழுவை அமைக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். அதில் ஒருவர் சகோதரியாக இருக்கட்டும். மஹல்லாவில் இத்தகைய குடும்பங்களைக் கண்ணியத்தோடு சந்தித்து, அடையாள அட்டை, காப்பீடு, காப்பாளர் நியமனம் ஆகியவற்றில் எது இல்லை என்று அவர்கள் குறித்துக்கொள்ளட்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திற்கு உடன் செல்லட்டும். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மேற்சொன்ன கோரிக்கைகளை நமது ஜமாஅத்தின் பெயரால் அளிக்கட்டும். அண்டை ஊர்க் கோயில் நிர்வாகத்தாரிடமும் தேவாலயத்தாரிடமும் இதே துயரோடு இருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களையும் சேர்த்துக்கொண்டு சென்றால் கோரிக்கை இன்னும் வலுப்பெறும்.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை மறைக்காதீர்கள். கணக்கெடுக்க வருபவர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அக்காளுக்கு வரன் அமையாது என்று அஞ்சித் தம்பியை மறைக்கும் வீடுகள் உண்டு. அந்த அச்சத்தைப் போக்க வேண்டியவர்கள் அவர்கள் அல்லர், நாம்தாம். இப்பள்ளியில் ஒரு பிள்ளை தொழுகைக்கு நடுவே ஓசை எழுப்பினால், திரும்பி முறைக்கும் கண்கள் இருக்கக் கூடாது. அவனும் இந்த மஹல்லாவின் பிள்ளை. அவன் பெயரும் நமது பதிவேட்டில் இருக்கிறது.

வறியவருக்குத் தருவது நம் கடமை. அதை நாம் தொடர்ந்து செய்வோம். ஆனால் அரசு தர வேண்டியதை அரசிடமிருந்தே பெற்றுக் கொடுப்பதும் ஓர் உதவிதான். நம் காலத்தில் அதுவே பெரிய உதவியாகவும் இருக்கக்கூடும். அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் செயலாளர் அவர்கள் அறிக்கை வாசிக்கும்போது, இத்தனை பிள்ளைகளுக்குச் சான்றிதழ் பெறப்பட்டது, இத்தனை பெற்றோர் காப்பாளராக நியமனம் பெற்றனர் என்ற வரிகளும் அதில் இடம்பெற வேண்டும். அதற்கான வலிமையை வல்ல இறைவன் நமக்குத் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.